நாக்கு தொடும் இடம்

கிரிக்கெட் மட்டை, கெட்டது, காலில் கட்டும் திண்டு, முதுகில் தட்டிக்கொடுப்பது, தூண்டில் இரை, கொடுத்துத் தீர்த்த கூலி. இந்த ஆறுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் உண்டு. தமிழில் எழுதினால் ஆறும் ஒரே சொல்: பேட்.

கடையநல்லூரில் நாங்கள் பள்ளிக்கூடம் போன நாளில் இது பெரிய இடைஞ்சலாகத் தெரியவில்லை. ‘பேடைக் கட்டிக்கிட்டு பேட்டை எடுத்துட்டு வாடா’ என்றால் எதைக் கட்டுவது, எதை எடுப்பது என்று மைதானத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வந்தது அகராதியில்தான். சட்டைப் பைக்குள் அடங்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று எங்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. ஆறு சொல்லையும் தேடிப் பார்த்தால் பேட், பேட், பேட். அந்த அகராதி பொய் சொல்லவில்லை. தமிழ் எழுத்தில் அதற்கு மேல் சொல்ல இடமில்லை.

என்னோடு படித்த ஒருவன் வீட்டில் இன்னொரு அகராதி இருந்தது. தலையணை தடிமன். சிங்கப்பூரிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் கோடாலித் தைலத்திலிருந்து அகராதி வரை சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கடையநல்லூர்க்காரர்கள் அங்கே 1941-லேயே தங்களுக்கென ஒரு சங்கம் வைத்து, 1946-இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமே நடத்தத் தொடங்கியவர்கள். அந்தத் தடித்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு சாய்கோடு. நடுவே எறும்பு ஊர்ந்தது போலச் சில கிறுக்கல். தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ‘ஈ’ எழுத்து. முட்டைக்குள் படுக்கைக் கோடு. நெட்டையாக இழுத்து விட்ட ‘எஸ்’. வால் முளைத்த ‘என்’. முதுகோடு முதுகு ஒட்டிய ‘ஏ’யும் ‘ஈ’யும். அச்சுப்பிழை என்று ஒருவன் தீர்ப்புச் சொல்ல, அதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விட்டோம். பல வருடம் அப்படித் தாண்டித் தாண்டியே போனேன். அந்தக் கிறுக்கலில் ஆறு பேட்டும் ஆறு விதமாக இருந்ததை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன்.

அந்தக் குறிகள் பண்டிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கண்டுபிடித்தவை அல்ல. 1886-இல் பாரிஸில் பால் பாஸி என்ற மொழியாசிரியர் தன்னைப் போன்ற சில ஆசிரியர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். இன்றைய பன்னாட்டு ஒலியியல் சங்கம் அதுதான். வகுப்பில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டலை நம்பி ஏமாறுகிறார்கள். ஒரு ஒலிக்கு ஒரு குறி என்று வைத்தால் என்ன? இவ்வளவுதான் யோசனை. 1888-இல் முதல் குறிப்பட்டியல் வெளியானது. 1917-இல் லண்டனில் டேனியல் ஜோன்ஸ் ஆங்கிலச் சொற்களுக்கு உச்சரிப்பை மட்டும் தரும் அகராதி ஒன்றை வெளியிட்டார். பிறகு வந்தவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரும் நண்பர்களும் ஜப்பானிய மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி, போருக்கு நடுவே 1942-இல் டோக்கியோவில் வெளியானது. 1948-இல் அதை ஆக்ஸ்ஃபோர்டு எடுத்துப் போட்டது. நண்பன் வீட்டுத் தலையணை அதன் வழித்தோன்றல்தான். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கென்றே பிறந்த புத்தகத்தில், தெரியாதவர்களுக்கென்றே போட்ட குறிகளை நாங்கள் அச்சுப்பிழை என்று தள்ளியிருக்கிறோம்.

பிரிட்டிஷ் உச்சரிப்புக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 44 ஒலிகள்: மெய் 24, உயிர் 20. மெய்க்குறிகளில் 17 நமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துகளே. அதில் ஒன்று மட்டும் ஆளை ஏமாற்றும்: ‘ஜே’ எழுத்தைப் போட்டிருந்தால் அது ‘ய்’. மிச்சமுள்ள ஏழுதான் விசித்திர உருவங்கள். ஏழு குறி ஒரு மத்தியான வேலை. ஆனால் குறி என்பது படம் இல்லை. நாக்கு, உதடு, குரல்வளை மூன்றுக்கும் கொடுக்கும் உத்தரவு. எந்த உத்தரவைக் கடையநல்லூர் வாய் ஏற்கெனவே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது, எதைப் புதிதாகப் பழக வேண்டும் என்று பிரித்துவிட்டால் பாரம் பாதி இறங்கிவிடும்.

முட்டைக்குள் கோடு போட்ட குறியை எடுத்துக்கொள்வோம். ‘நினை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. நாம் ‘திங்க்’ என்கிறோம். நாக்கு பல்லின் பின்புறத்தில் முட்டிக் காற்றை அடைக்கிறது. அடைக்கக் கூடாது, நாக்கு நுனி பற்களுக்கு இடையே மெல்ல எட்டிப் பார்க்க, இடுக்கு வழியே காற்று கசிய வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் எங்கள் ஊரில் பாதி வகுப்புக்கு இந்த ஒலி விடிகாலையிலேயே பழகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மதரஸாவில் குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைகள், அலிஃப், பா, தாவை அடுத்து மூன்று புள்ளி வைத்த நான்காம் எழுத்தைப் படிக்கிறார்கள். தஜ்வீத் என்ற ஓதும் முறைப்படி அதன் மக்ரஜ், அதாவது ஒலி பிறக்கும் இடம், நாக்கு நுனியும் மேல் முன்பல்லின் விளிம்பும். அதே ஒலி. தால் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் ‘இது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. ராவின் மேல் ஒரு புள்ளி வைத்தால், தமிழில் எழுதவே முடியாமல் ‘ஜூ’ என்று ஒப்பேற்றும் மிருகக்காட்சிசாலையின் முதல் ஒலி. ஃபாவும் ஷீனும் கேட்கவே வேண்டாம். ஏழு மணிக்கு ஹஜ்ரத் முன்னால் சுத்தமாக ஓதியவன், பத்து மணிக்கு ஆங்கில வகுப்பில் ‘திங்க்’ என்றான். இது அந்த எழுத்து என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. நான் அறிந்தவரை இன்றும் எந்த ஆங்கிலப் பாடநூலும் அப்படிச் சொல்வதில்லை.

மதரஸா வாசனை இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். ‘அது’ என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்த ‘து’வில் நாக்கு பல்லில் முட்டி நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆங்கில ‘இது’வின் ஒலிக்கு ஒரு மயிரிழைதான் தூரம். ‘தம்பி’ என்னும்போது முட்டுகிறது. ‘அது’ என்னும்போது வழுக்குகிறது. இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதுகிறோம்.

இங்கேதான் தமிழ் எழுத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அதைக் குறைபாடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கம், பங்கு, பாகம் மூன்றிலும் ‘க’ வேறு வேறாக ஒலிக்கிறது. எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைப் பக்கத்து எழுத்தே சொல்லிவிடுவதால் தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. மொழியியலில் இதை ஒரே ஒலியன், பல மாற்றொலி என்பார்கள். ஆங்கில அகராதியின் சாய்கோட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒலியன்களே. விதியால் ஊகிக்க முடிந்ததை அதுவும் எழுதாமல் விட்டுவிடும். சிக்கல் எங்கே என்றால், நம் வாய் ‘க’வையும் அதன் மென்மையான வடிவத்தையும் இடம் பார்த்துத் தானாக மாற்றுகிறது, ஆங்கிலத்தில் பேசுபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழில் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய வண்டிக்கு ஆங்கிலத்தில் கியர் போட வேண்டியிருக்கிறது.

ஊகித்துக்கொள் என்று அகராதி விட்டுவிடும் ஒன்று நம்மை நேராகவே கவிழ்க்கும். 1964-இல் லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ரம்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 11 மொழிகளில் ஒரு விஷயத்தை அளந்தார்கள். உதடு திறந்ததற்கும் குரல்வளை அதிரத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம்? அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்து ‘ப்’புக்குச் சுமார் 58 மில்லி வினாடி. தமிழ் ‘ப்’புக்குச் சுமார் 12. ஆங்கிலத்தின் மென்மையான ‘ப்’, அதாவது ‘பஸ்’ஸின் முதல் ஒலி, கிட்டத்தட்ட 1. இப்போது பன்னிரண்டை எதன் பக்கத்தில் வைப்பீர்கள்? ஐம்பத்தெட்டின் பக்கத்திலா, ஒன்றின் பக்கத்திலா? ஆங்கிலேயர் காதும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. நாம் திண்டு என்று சொன்ன பேட் அவருக்குக் ‘கெட்டது’ என்று கேட்கிறது. குறியைச் சரியாகப் படித்தும் தோற்கும் இடம் இது.

மருந்து எளிது. தினத்தாள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். ‘பல்’ என்று சொல்லுங்கள். தாள் அசையாது, அசைந்தாலும் பெயருக்குத்தான். ஆங்கிலத்தில் பேனாவைச் சொல்லும்போது அந்தத் தாள் துள்ள வேண்டும். ‘ஸ்பின்’ என்று பந்து வீசும்போது மறுபடி துள்ளக் கூடாது, ஏனென்றால் ‘ஸ்’ஸுக்குப் பின் அந்த ஊதல் ஆங்கிலேயருக்கும் கிடையாது. எங்கள் வீட்டு அரிசி டின் மூடிமேல் விளக்கேற்றி வைத்து இதைப் பழகினேன். விளக்கு அணைந்த அன்று தேறினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, விளக்கை வாயால் ஊதி அணைக்கிறானே என்று.

இனி இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி. ஆங்கில ‘டி’.

தேநீருக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்கள். நாக்கு நுனி எங்கே போய்த் தொட்டது? நம்மில் பெரும்பாலோருக்கு மடிந்து மேலண்ணத்தில் தொடும், ‘பாட்டு’ என்னும்போது தொடுகிற இடத்துக்குக் கிட்டே. இது நாமடி ஒலி. ஆங்கிலேயர் நாக்கு மடிவதில்லை. மேல் பல்வரிசைக்குப் பின்னால் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும், அங்கே போய்த் தட்டித் திரும்பும். பல்லைத் தொட்டால் ‘த’, மடிந்து தொட்டால் ‘ட’. இது இரண்டுக்கும் நடுவில். நுனியண்ண ஒலி என்பார்கள். தமிழில் அந்த இடம் காலி என்று நினைக்கிறோம். காலி இல்லை. அங்கே ஒரு எழுத்து குடியிருந்தது, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த எழுத்து ‘ற’. க, ச, ட, த, ப, ற என்று வல்லினத்தை ஒப்பிக்கும்போது இடையினத்தில் இருக்கும் ‘ர’வின் அண்ணன் போல இருக்கிற ஒன்று ஏன் வல்லினத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? தொல்காப்பியத்தின் பிறப்பியல் ‘ற’வையும் ‘ன’வையும் ஒரே இடத்தில் பிறக்கும் ஜோடியாகச் சொல்கிறது. ‘ன்’ என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். மேடு. காற்றை மூக்கு வழியே விடாமல் அடைத்து, பட்டென்று திறந்தால் வருவது பழைய ‘ற்’. ஆங்கில ‘டி’யும் அங்கேதான். இன்றைக்குப் புத்தகம் வாசிக்கும்போது காற்று என்பதைக் ‘காட்ரு’ என்கிறோம். பேசும்போது காத்து. குற்றாலம் எங்கள் வாயில் குத்தாலம்தான். நடுவில் இருந்ததை ஒரு பக்கம் பல்லுக்குத் தள்ளி, இன்னொரு பக்கம் அண்ணத்துக்குத் தள்ளி, நடுவை விட்டுவிட்டோம்.

யாழ்ப்பாணத்தார் விடவில்லை. அவர்கள் வாயில் காற்று இன்றும் அந்த மேட்டில்தான் அடிக்கிறது. அதனால்தான் கனடா நகரம் ஒன்றை நாம் டொராண்டோ என்று எழுத, அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். இங்குள்ள பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். சிரிக்க ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் நாக்கு எங்கே தொடுகிறது என்று கேட்டால், இரண்டு எழுத்துக்கூட்டலில் அவர்களுடையதே உண்மைக்குப் பக்கம்.

எதிர்த்திசையிலும் இதே பாடு உண்டு. தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர்களுக்கு த, ட, ற மூன்றும் ஒரே ‘டி’யாகக் கேட்டது. ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டன் ஒலியியலாளர் ஃபர்த் தமிழ் உச்சரிப்பு பற்றிச் சிறு பகுதி ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. நமக்கு அவர்கள் குறிகள் தேவைப்பட்டது போல நம் ஒலிகளுக்காக அவர்களுக்கும் தேவைப்பட்டது.

இப்போது யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. செல்போனில் சொல்லைத் தட்டினால் பேசிக் காட்டுகிறது. பிறகு இந்தக் கிறுக்கல் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பதில் காதில் இருக்கிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டைப் பிடித்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலானவை விட்டுவிட்டன. வீட்டு மொழிக்குத் தேவையில்லாத வேறுபாட்டைக் காது ஒரு வயதுக்குள்ளேயே ஓரங்கட்டிவிடுகிறது. ஆகவே போன் பத்து தடவை சொன்னாலும் நமக்குக் கேட்பது நம் ஒலிதான். இங்கே இரண்டு இருக்கிறது, கவனித்துக் கேள் என்று முதலில் கண்ணுக்குச் சொல்லிவிட்டால் காது பின்னால் வரும். குறியைப் பார்த்துவிட்டு ஒலியைக் கேளுங்கள். வரிசை மாறக் கூடாது.

உயிர் எழுத்துகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன், ஏனென்றால் மற்றவை பழக்கத்தில் வந்துவிடும், இது வராது. கவிழ்த்த ‘ஈ’. ஆங்கிலத்தில் மற்ற எந்த உயிரையும் விட அதிகமாக வருவது. வாயை அரைகுறையாகத் திறந்து, நாக்கை நடுவில் சும்மா போட்டு, அலுப்போடு முனகும் ஒலி. அழுத்தம் விழாத அசையில் எந்த எழுத்து இருந்தாலும் பெரும்பாலும் இதுவாகத் தேய்ந்துவிடும். நமக்கு எல்லா உயிரும் சமம். எழுதியதையெல்லாம் மரியாதையாக உச்சரிப்போம். அதனால் கம்ஃபர்டபிள் என்பதில் ஒரு மேசையைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். ஆங்கிலேயர் வாயில் அங்கே மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

தேயும் உயிர் நமக்குப் புதிதும் இல்லை. காசு, பசு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பசுவில் உதடு குவிகிறது. காசுவில் குவிய மனமில்லாமல் தேய்கிறது. அதற்குப் பெயர் வைத்து, மாத்திரையும் அரையாகக் குறைத்து, குற்றியலுகரம் என்று இலக்கணம் எழுதியவர்கள் நாம். தமிழில் எந்த உகரம் தேயும் என்பதைச் சொல்லின் வடிவம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் எந்த உயிர் தேயும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. அந்த அழுத்தத்தை அகராதி ஒரு சிறு செங்குத்துக் கோட்டால் காட்டும், அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால், மேல் பக்கம். ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி, ஃபோட்டோகிராஃபிக் மூன்றையும் தேடுங்கள். கோடு முதல் அசையிலிருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் நகர்ந்திருக்கும். அது நகர நகர உயிர்களும் தேய்ந்து தேய்ந்து மாறும். 44 குறிகளையும் மறந்தாலும் பாதகமில்லை, அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள் என்றே மாணவர்களிடம் சொல்வேன். ஹோட்டலில் கோடு ‘டெல்’ பக்கம் இருப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்களை எனக்குத் தெரியும்.

குறி இல்லாமல் ஒலியை எழுதப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அரசாங்கச் சாட்சியே இருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்குத் தக்கபடி மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூருக்கு ஆங்கில ‘ஈ’ இரண்டு போட்டார்கள், தமிழ் ‘ஏ’ நெடில் என்று காட்ட. ஆங்கிலம் படித்தவர் கண்ணுக்கு அது வீலூர். சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நோக்கத்தில் பிழையில்லை; ஒரு ஒலிக்கு ஒரு குறி என்ற விதி அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் பக்கத்துப் பலகையும் லேசுப்பட்டதல்ல. குற்றாலத்தை ஆங்கிலத்தில் ‘கோர்ட்’ போட்டுத் தொடங்கி எழுதியிருக்கிறார்கள். லண்டன்காரர் அந்தச் சொல்லில் ‘ஆர்’ எழுத்தை ஒலிப்பதில்லை. அவர் படித்தால் ‘கோட்’ என்று தொடங்கும். ஆனால் அந்த ‘டி’யில் அவர் நாக்கு போய்த் தொடும் இடம் சரி, ‘குத்தாலம்’ என்கிற எங்கள் நாக்கைவிடச் சரி.

நம்பிக்கை வராவிட்டால் லண்டன் வரை போக வேண்டாம். மலையாளத்தில் அந்தப் பழைய ‘ற்ற’ அப்படியே உயிரோடு இருக்கிறது. சாரல் காலத்தில் ஆரியங்காவு, புளியரை வழியாகக் கொல்லத்துக்காரர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். பேரருவிக்குப் போனால் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘இந்த ஊருக்கு என்ன பேர் சேட்டா?’ என்று கேளுங்கள். சொல்லும்போது நாக்கு நுனியைக் கவனியுங்கள். அருவிச் சத்தத்தில் கேட்காவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஒலியை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்து, ஆங்கிலத்தில் ஒரு டீ சொல்லுங்கள்.